தங்கம் தேடும் மெஷினும் அவருடைய காதும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழமையாகச் சாப்பாடு வைக்க இடமில்லை. இரண்டு மெட்டல் டிடெக்டர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. ஒன்று, என் கணவரோடு ஃபக்டரியில் வேலை செய்த போர்த்துக்கீசக்காரர் இரவல் கொடுத்தது. மற்றது கடையொன்றிலிருந்து வாடகைக்கு வந்தது. இரண்டையும் பாவித்துப் பார்த்து ஒன்றை வாங்குவதாகவும், வாங்கியபின் வடக்கே ஓடைக்கரைகளில் தங்கம் தேடப் போவதாகவும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

சண்டை பிடித்திருக்கலாம். முந்தியென்றால் பிடித்திருப்பேன். ஆனால் அவரோடு சண்டை பிடிப்பதென்றால் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் வருகிற கோபம் இரண்டாம் தரத்துக்குள் ஆறிவிடும். பிறகு வெறும் சத்தம்தான் மிச்சம். அது சுவருக்கு அங்கால் இருப்பவர்களுக்கும் கேட்கும். மோர்னிங்சைட்டில் எங்கள் டவுன்ஹவுஸ் சுவர்கள் அவ்வளவு தடிப்பில்லை.

அவர் கார்ப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில், தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் மெஷினில் நின்றவர். இந்த நாட்டுக்கு வந்து கிடைத்த முதல் வேலையும் அதுதான், கடைசி வேலையும் அதுதான். காதுக்குள் வைக்கச் சொல்லிப் பஞ்சு போல ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்தால் பக்கத்தில் நிற்பவனோடு கதைக்க முடியாது என்று பொக்கற்றில் வைத்துக்கொண்டே நின்றார். உடுப்புத் தோய்க்கும்போது அந்தப் பஞ்சுகள் கசங்காமல் என் கையில் வரும். ஃபக்டரி மூடி, ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். காது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

டொக்டர் காதைச் சோதிக்கச் சொல்லி அனுப்பினார். நான் நாள் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் தலையிடி என்றார். இன்னொரு நாள் பனி கொட்டுகிறது, கார் வழுக்கும் என்றார். அந்தப் பனிக்குள்தான் பின்னேரம் கோப்பி குடிக்கக் காரை எடுத்துக்கொண்டு போனார். கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கெல்லாம் வடிவாக் கேக்குது. நீர்தான் வாய்க்குள்ளை கதைக்கிறீர்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு காலத்தில் எல்லாரையும் பார்த்து வாய் கூசாமல் சொன்னவள் நான். இப்போது எங்கள் வீட்டில் அதைச் சொல்ல முடியாது. சங்கும் களைத்துவிட்டது. தேவையானதை மட்டும் சொல்வது என்று ஆகிவிட்டேன். சோறு இருக்கு. பில் வந்திருக்கு. நாளைக்கு எனக்குக் காலமை வேலை. மற்றதெல்லாம், வேலையிடத்தில் ஒரு கிழவி எனக்குக் கல்யாணம் பேசின கதை மாதிரியான கதைகள், எனக்குள்ளேயே கிடந்து புளித்துப் போயின. அவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பார். கேட்டுச் சொல்கிற ஓம் இல்லை அது. கேட்காததை மூடுகிற ஓம்.

இப்படியே கிழண்டு போய்விடுவோம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மகளுக்குக் குழந்தை பிறந்தது.

மகள் கொஞ்சம் தள்ளி ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பேரப்பிள்ளையை எங்களிடம் விடுவது என்பது பிள்ளை அவள் வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்தது. நான் வேலைக்குப் போகிற நாட்களில் அவளுடைய அப்பா பார்த்துக்கொள்வார். அவர் அதற்காகக் கீழ் அறைக்குப் பெயின்ற் அடித்தார். துண்டு துண்டாக வந்த பிள்ளைக் கட்டிலைத் தானே பூட்டினார். பூட்டிவிட்டு, தன் முழங்கையை அதில் ஊன்றி ஆட்டி ஆட்டிப் பார்த்தார், உடையாதா என்று. ஃபக்டரி மூடியபிறகு அவர் முகத்தில் ஒரு வேலைக்காரனின் தெளிவை நான் கண்டது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை மகள் வந்திருந்தாள். குழந்தையை அந்தக் கட்டிலில் நித்திரையாக்கி, "அப்பா, பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் கடைக்குப் போயிருந்தேன். நான் கதவைத் திறந்தபோது குழந்தை நீலம் பாரித்துக் கத்திக்கொண்டிருந்தது. மகள் ஈரத்தலையோடு படியால் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவர் அடுத்த அறையில், கதவு திறந்திருக்க, முதுகைக் காட்டிக்கொண்டிருந்து அவுஸ்திரேலியாக்காரன் ஒருவன் பாலைவனத்தில் தங்கக் கட்டி எடுக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அம்மா, ஐ லவ் ஹிம். பட் ஐ கான்ட். அப்பா காது செக் பண்ணாட்டில் நான் பேபியை டேகெயரிலைதான் விடுவன். நீங்கள் சொல்லுங்கோ, பிளீஸ். நான் சொன்னால் அழுதிடுவார்."

நான் சொன்னால் மட்டும் சிரிப்பாரா? அதைக் கேட்கவும் எனக்குத் தென்பில்லை. அந்த வீட்டில் எதைச் சொல்வதென்றாலும் நான்தான். வங்கிக்காரனோடு அவருக்காகக் கதைப்பதும் நான், அவருக்கு வங்கிக்காரன் சொன்னதைச் சொல்வதும் நான். இப்போது, உங்களிடம் பிள்ளையைத் தர மாட்டார்கள் என்பதையும் நானே சொல்ல வேண்டும். அதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். காதுச் சோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இன்னொரு நாள் எடுத்து வைத்துவிட்டு, அவரிடம் சொல்வதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்தக் கிழமைதான் இந்த இரண்டு மெஷின்களும் வந்து மேசையில் படுத்தன.

போர்த்துக்கீசக்காரரின் மெஷின் எளியது. ஒரு சுவிச், ஒரு திருகு. கீழே வட்டத் தட்டு. உலோகத்துக்கு மேலே கொண்டுபோனால் பேருந்து ஹோர்ன் மாதிரிக் கத்தும். ஆணியா, போத்தல் மூடியா, தங்கமா என்று அதற்குத் தெரியாது, அது கவலைப்படவும் இல்லை. வாடகை மெஷின் அப்படியில்லை. அதில் ஒரு திரை, திரைக்குள் பட்டியல், பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல். மண்ணுக்கு ஏற்றமாதிரி அதைச் சரிக்கட்ட வேண்டும். ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் போட வேண்டும். அதற்குள் எந்நேரமும் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டுக்கொண்டிருக்குமாம். அரிசிமணி அளவுத் தங்கம் கீழே இருந்தால் அந்த இரைச்சல் கொஞ்சம் உயர்ந்து தாழுமாம். அவ்வளவுதான் அடையாளம்.

"தங்கம் எண்டால் உதுதான்" என்றார் அவர், வாடகை மெஷினைத் தடவிக்கொண்டு. "மற்றது சும்மா விளையாட்டுச் சாமான். வாங்கிறதெண்டால் ஆக உயர்ந்ததை வாங்கவேணும்."

எங்கள் சனத்துக்கு இது ஒரு வருத்தம், தீராத நோய் மாதிரி. எங்கள் ரைஸ் குக்கரில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து ஒன்றைத்தான் அமத்துகிறோம். மற்றதெல்லாம் விருந்தாளிக்குக் காட்ட. நான் அதைச் சொல்லவில்லை. மெல்லிய இரைச்சல் என்று அவர் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை எப்படிக் கேட்கப் போகிறார் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பயமாக இருந்தது. அதனால் புட்டு அவித்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

போர்த்துக்கீசக்காரருக்கு வடக்கே ஒரு கொட்டேஜ் இருக்கிறது. அதன் பின்னால் ஓடுகிற ஓடையில் தேடலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே நெடுகப் போய்ப் பிறகு வடக்கே திரும்ப வேண்டும். ஜிபிஎஸ்காரி சொல்வதை எல்லாம் நான் திருப்பிச் சொன்னேன். அடுத்த எக்சிற். வலது. இல்லை, வலது. ஒரு எக்சிற்றை விட்டுவிட்டார், விட்டதற்கு நான் மெல்லச் சொன்னதுதான் காரணம் என்றார். போய் இறங்கும்போதே எனக்கு நாள் முடிந்துவிட்டது போலிருந்தது.

ஓடைக்கரையில் கறுப்பு ஈ மொய்த்தது. அவர் வீடியோவில் படித்தபடி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பெல்ற்றைக் கழற்றினார், மணிக்கூட்டைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். எல்லாவற்றையும் காருக்குள் வைத்தார். என் ஃபோனையும் திறப்புக் கோர்வையையும் வாங்கி வைத்தார். உடம்பில் ஒரு உலோகமும் இருக்கக் கூடாதாம், மெஷின் குழம்பிப் போகுமாம். எனக்குக் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மண்கிண்டியைத் தந்தார். அவர் மெஷினை வீச, கத்துகிற இடத்தில் நான் குனிந்து கிண்ட வேண்டும். நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி இருத்துகிற என் நாரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இதுதான்.

முதலில் எளிய மெஷின். கத்தியது, கிண்டினேன், ஒரு பியர் மூடி. அதை எறிந்துவிட்டு மறுபடி குனிந்து மண்ணைக் கிளறினேன். மறுபடி கத்தியது. மண்ணை உதிர்த்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இன்னும் கிளறினேன். இன்னும் பலமாகக் கத்தியது. அவருடைய கண் அகன்றது.

"பொடித் தங்கம்" என்றார். "கண்ணுக்குத் தெரியாது. மண்ணோடை அள்ளும்."

புட்டைக் கடதாசியில் கொட்டிவிட்டு அந்தப் பெட்டிக்குள் மண்ணை அள்ளினேன். இடம் மாறினோம். அங்கும் அப்படியே. எங்கே நான் குனிந்தாலும் தங்கம். கரையெல்லாம் இருக்கு, கரையெல்லாம் இருக்கு என்று முணுமுணுத்தார். நான் நாரி நோவில் ஒருக்கால் நிமிர்ந்தேன். சத்தம் நின்றது. குனிந்தேன். கத்தியது. நிமிர்ந்தேன். நின்றது.

ஜாக்கெற்றுக்குள் என் தாலிக்கொடி.

பெல்ற்றும் மணிக்கூடும் நினைவு வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவு வரவில்லை. யார்தான் கொடியை ஒரு உலோகம் என்று நினைப்பார்கள்? யூனிஃபோமுக்குள்ளும் அது கிடக்கும், படுக்கும்போதும் கிடக்கும். பித்தப்பை ஒப்பரேசனுக்கு நேர்ஸ் கழற்றச் சொன்னபோதும், மஞ்சள் துண்டு கட்டிய நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கழற்றினேன். அது என் கழுத்தோடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை. அவருக்காக இன்னொருக்கால் குனிந்தேன். அது கத்தியது, அவர் சிரித்தார். பிறகு கொடியை வெளியே இழுத்து மெஷினின் தட்டுக்கு மேலே பிடித்துக் காட்டினேன். ஓடை முழுக்க அலறியது.

அவர் கொஞ்ச நேரம் கொடியையும் புட்டுப் பெட்டியில் இருந்த மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கடை சனத்துக்கு வேறை மெஷின்தான் செய்யவேணும்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகிடியை இரண்டாம் தரம் சொன்னால் அது பகிடியில்லை. அதனால் பகிடி விடுவதையே நான் விட்டிருந்தேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது, ஈயைத் துரத்துவது போல முகத்தைத் துடைத்தேன்.

புட்டைச் சாப்பிட்டோம். பிறகு அவர் வாடகை மெஷினை எடுத்தார். தங்கம் தேடுகிறவன் முதலில் ஒரு சின்னத் தங்கத்தை மண்ணுக்குள் வைத்து, அது எப்படிக் கேட்கும் என்று பழக வேண்டுமாம். என் காதைப் பார்த்தார்.

"உம்மடை தோட்டுச் சுரையை ஒருக்காத் தாரும்."

தோட்டைப் பின்னால் பூட்டுகிற அந்தத் திருகு ஒரு மிளகு அளவுதான். தோட்டைப் பொக்கற்றில் போட்டுவிட்டுச் சுரையைக் கொடுத்தேன். மணலைக் கிண்டி வைத்தார், மேலே ஒரு தட்டைக் கல்லை அடையாளத்துக்கு வைத்தார். ஹெட்போனைப் போட்டார். திரையில் எதை எதையோ அமத்திச் சரிக்கட்டினார். கல்லுக்கு மேலே மெஷினை வீசினார். ஒருக்கால், இன்னொருக்கால். நெற்றி சுருங்கியது. மெஷினின் தட்டை அந்தக் கல்லில் முட்டும் அளவுக்குத் தாழ்த்தினார்.

"இஞ்சை மண் சரியில்லை" என்றார். பிறகு, "கடைக்காரன் பழுதான மெஷினைத் தந்திருக்கிறான்."

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். அதுவும் என் நாக்கின் நுனியில் நின்றது. விழுங்கிவிட்டுக் கையை நீட்டினேன். ஹெட்போனைத் தந்தார்.

போட்டவுடனே கேட்டது. அடுத்த அறையில் ஒரு நுளம்பு பறப்பது போல, விடாமல், மெல்லிய இரைச்சல். அவர் மெஷினைக் கல்லுக்கு மேலே கொண்டுவந்தபோது அது உயர்ந்து, தாழ்ந்தது. திரும்பக் கொண்டுவந்தார், திரும்ப உயர்ந்தது. எந்தச் சந்தேகமும் இல்லை. ஒவ்வொரு தரமும் நான் விரலைத் தூக்கினேன்.

"அது உம்மடை கொடி" என்றார்.

நான் நிமிர்ந்துதான் நின்றேன். கொடி என் நெஞ்சில், மெஷின் என் பாதத்தில். தள்ளிப்போய் நின்று காட்டினேன். "கொடிதான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொடிதான் கத்துது" என்றார். என் குரல் சின்னது, காலநிலை சரியில்லை, இப்போது கொடி. எனக்கு அப்போது வந்தது கோபமா களைப்பா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிப்போயிருந்தன. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொழுக்கியைக் கழற்றினேன்.

"என்ன செய்யிறீர்? உமக்கென்ன விசரே?"

"பிடியுங்கோ" என்றேன். "பிடிச்சுக்கொண்டு அங்காலை போய் நில்லுங்கோ."

மஞ்சள் நூலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கழுத்து. அவர் கொடியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, ஓடைக்கரையில் தள்ளிப்போய், கோயிலில் பிரசாதம் வாங்கினவர் போல நின்றார். நான் மெஷினைத் தூக்கி வீசினேன். இரைச்சல் உயர்ந்து தாழ்ந்தது. விரலைத் தூக்கினேன்.

அவர் வந்து என்னை அங்கால் திரும்பி நிற்கச் சொன்னார். சுரையை எடுத்து வேறு இடத்தில் புதைத்தார், அடையாளம் வைக்காமல். தேடினேன், கண்டுபிடித்தேன். இன்னும் ஒரு தரம் மாற்றினார். அதையும் கண்டுபிடித்தேன். இதில் ஒரு கெட்டித்தனமும் இல்லை, காது உள்ள எவருக்கும் கேட்கும். அதற்குப் பிறகு அவர் ஹெட்போனை வாங்கிப் போட்டார். சுரை கிடந்த இடத்துக்கு மேலே நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடினார். நெடுநேரம் மூடியிருந்தார்.

"இரையிற சத்தமே எனக்குக் கேக்கேல்லை" என்றார். "நான் மெஷின் சும்மா கிடக்குதெண்டு நினைச்சன்."

போர்த்துக்கீசக்காரர் ஏன் கத்துகிற மெஷினை வாங்கினார் என்று எனக்கு அப்போது விளங்கியது. இரண்டு பேரும் ஃபக்டரியில் ஒரே பிரஸ் வரிசையில் நின்றவர்கள். அந்த மனுசன் தன் காதை அறிந்து வாங்கியிருக்கிறார்.

சுரையை எடுத்துத் தோட்டைப் பூட்டினேன். கொடிக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "திரும்பும்" என்றார். நான் ஓடையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் கொடியைக் கழுத்தில் போட்டுக் கொழுக்கியோடு மினக்கெட்டார். தகடு பிடித்துப் பிடித்து அவர் விரல் நுனிகள் காய்த்துப் போனவை, சின்னச் சாமான் அதில் நிற்காது. சறுக்கியது, திரும்பப் பிடித்தார். மூச்சு என் பிடரியில் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிவிட வேண்டும், இனித் தள்ளக் கூடாது என்று நான் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் சொன்னவள் என்று தொடங்குவதா, டேகெயர் என்று தொடங்குவதா.

"அண்டைக்குப் பிள்ளை கத்தினது" என்றார் அவர், பின்னால் நின்றபடி. "பெட்டை ஓடி வந்தாள். நான் நினைச்சன், அப்பதான் அழத் தொடங்கினது எண்டு."

கொழுக்கி இன்னும் மாட்டுப்படவில்லை.

"அது முதலே அழுதிருக்கு, என்ன? பிள்ளை அழுதால் எனக்குக் கேக்காது."

ஒரு கிழமையாக நான் தூக்கித் திரிந்ததை அவரே தூக்கிவிட்டார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு சொல் சொல்வது மட்டும்தான். இல்லை, அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஓடையைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, "கேக்காது" என்றேன்.

"என்ன?" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ அற்ப விசயங்களை அவருக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். உப்புக் காணாது என்பதை, கதவைச் சாத்துங்கோ என்பதை. இதையும் இரண்டு தரம் சொல்ல வைத்துவிட்டாரே என்று இருந்தது. கொழுக்கி மாட்டுப்பட்டதை உணர்ந்ததும் திரும்பினேன். முகத்துக்கு நேரே பார்த்து, மரத்தில் இருந்த குருவிகள் எழும்பிப் பறக்கிற அளவுக்குக் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"கேக்காது. பிள்ளை அழுதால் உங்களுக்குக் கேக்காது. செவ்வாய்க்கிழமை காதுச் சோதனைக்கு வாறீங்களா?"

"ஓம்" என்றார்.

கேட்டுச் சொன்ன ஓம்.